ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

1960 மாடலாக வந்த செவ்ரலே கார்வேரின் கையேட்டில் காற்றின் அழுத்தம் முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை இல்லை. எஞ்சின் பின்னால் இருக்கும் கார் அது; கனமெல்லாம் வாலில். பின்சக்கர அச்சோ, வளைவில் வேகம் மிஞ்சினால் சக்கரத்தை வண்டிக்கு அடியில் மடக்கிவிடக்கூடிய ஊசல் வகை. வால் பிய்த்துக்கொண்டு போனால் சாதாரண ஓட்டுநரால் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் முன் டயரை வேண்டுமென்றே தொளதொளவென்று வைத்து, வால் விலகும் முன் மூக்கு விலகட்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். விஷயம் தெரியாமல் நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்துவிட்டால் அந்தக் கணக்கு குலைந்துபோகும். 1965-இல் அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் இந்தக் காரைக் கடுமையாகச் சாடினார். 1972-இல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வறிக்கை, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்றது. யார் பக்கம் நியாயம் என்பது தனி வழக்கு. எனக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: முன் டயரில் காற்றைக் குறைத்தார்கள், மூக்கு வெளியே போவதற்காக.

இன்று பந்தய டிராக்கில் நிற்கும் யாரிடமாவது “வளைவில் மூக்கு வெளியே போகிறது” என்று சொல்லிப் பாருங்கள். “முன் டயரில் ரெண்டு பிஎஸ்ஐ இறக்கு, சரியாகிவிடும்” என்பார். ஒரே வேலை, ஒருவர் நோய் வரவழைக்கச் செய்தார், இன்னொருவர் நோய் தீரச் செய்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. இது எப்படி என்று புரிந்துவிட்டால் எந்த டயர் வாங்குவது, எவ்வளவு காற்று வைப்பது என்ற இரண்டு கேள்வியும் ஒரே கேள்வி என்பது விளங்கும். முதலில் டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நான்கு ரகம்

முதல் ரகம், சாதாரண டூரிங் டயர். இதை ஸ்போர்ட்ஸ் காரோடு சேர்த்துப் பேசுவதே பாவம் என்று நினைப்பவர்கள் டொயோட்டா 86-ஐ மறந்துவிட்டார்கள். 2012-இல் வந்த அந்தக் காருக்குக் கம்பெனியே போட்டுத் தந்தது 215/45 ஆர்17 அளவில் மிஷெலின் பிரைமசி எச்பி. பிரியஸ் ஹைபிரிட் காருக்குப் போட்ட அதே வகை. பிடிப்பு குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் வழுக்கத் தொடங்கும், ஓட்டுபவருக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்த எல்லையில் விளையாடவும் முடியும். டிராக்கை ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் கெடும்தான். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல டயர் இல்லை என்பேன். வழுக்கல் மெதுவாக வரும், சத்தம் போட்டுக்கொண்டு வரும், திருத்தினால் அடங்கும்.

இரண்டாவது, உயர்திறன் கோடை டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இதன் நல்ல பிரதிநிதி. வெளித்தோள் பக்கம் ஒரு ரப்பர் கலவை, உள்பக்கம் வேறொரு கலவை. உலர்ந்த சாலையில் வளைவைத் தாங்குவது ஒன்று, ஈரத்தில் கவ்வுவது இன்னொன்று. மூன்றாவது, பக்கவாட்டில் 200 என்ற டிரெட்வேர் எண் பொறித்த ரகம்: யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4. நான்காவது, சாலையில் ஓட்ட அனுமதியுள்ள பந்தய டயர், அதாவது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி. போர்ஷே 911 ஜிடி3, ஃபெராரி 458 ஸ்பெசியாலே போன்றவை இதைப் போட்டுக்கொண்டுதான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன.

அந்த டிரெட்வேர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 100 என்று வைத்த ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, தேய்மானத்துக்குத் தரும் மதிப்பு அது; எண் கூடினால் தேய்வது மெதுவாக என்று கணக்கு. சோதித்து எண் போடுவது தயாரிப்பாளரே. அமெச்சூர் பந்தயங்களில் பல பிரிவுகளுக்கு 200-க்குக் கீழே போகக்கூடாது என்று விதி இருப்பதால், அந்த வேலிக்கு மேல் ஒரு கால் வைத்தபடி ரப்பரை எவ்வளவு ஒட்டும்படி செய்ய முடியுமோ செய்கிறார்கள். கப் 2-க்குப் பல அளவுகளில் 240 என்று போட்டிருக்கும்; அதைப் பார்த்து ஏ052-ஐவிட அது கெட்டி ரப்பர் போலிருக்கிறது, மழைக்கும் தாங்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே 200-க்குள்ளேயே ஏ052 சட்டென்று சூடேறிச் சட்டென்று களைத்துவிடும். ஆர்எஸ்4 சூடேற நேரம் எடுக்கும், ஆனால் நீண்ட ஓட்டத்தில் அசராது. நேரம் எடுத்துப் பார்க்கும் ஒற்றைச் சுற்றுக்கு முன்னது, பல மணி நேரப் பந்தயத்துக்குப் பின்னது. எண் ஒன்றுதான், குணம் வேறு.

ரன்ஃபிளாட்டையும் எல்லாப் பருவ டயரையும் சீக்கிரம் தாண்டிவிடலாம். பஞ்சரானாலும் ஓட வேண்டும் என்பதற்காக ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவரைத் தடித்துவிடுகிறார்கள். எடை கூடுகிறது, சிறு மேடு பள்ளம்கூட முதுகுத்தண்டுக்கு நேராக வருகிறது. ஐந்தாம் தலைமுறைக் கார்வெட் ஸ்டெப்னி இல்லாமல் ரன்ஃபிளாட்டோடு வந்தது. ஆனால் வேகத்துக்கென்றே 2001-இல் ஸீ06 வடிவத்தைச் செய்தபோது அவற்றைக் கழற்றி சாதாரண டயர் போட்டார்கள். பனி விழும் ஊரில் ஒரே செட் டயரோடு ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் எல்லாப் பருவ டயர். இல்லையென்றால் வேண்டாம்.

கோடை டயரா, 200-ஆ?

பெரும்பாலானவர்கள் உண்மையில் தயங்கி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசையும் கார் போகும் திசையும் முழுதாக ஒன்றாக இருக்காது. இடையில் சில டிகிரி வித்தியாசம் விழும். அதை நழுவு கோணம் என்று வைத்துக்கொள்வோம். கோணம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். கோடை டயரில் அந்த உச்சி அகலமாக, மழுங்கலாக இருக்கும். ஒரு டிகிரி தாண்டிப் போனாலும் பிடிப்பு பெரிதாக விழாது. கை சுதாரிக்க அவகாசம் கிடைக்கும். 200 ரகத்தில் உச்சி உயரம், ஆனால் கூர்மை. அதிலிருந்து இறங்கும் சரிவும் செங்குத்து. திறமையுள்ள கை அந்த உச்சியிலேயே நிற்கும். மற்றவர்கள் பயந்து அதற்கு வெகு கீழே ஓட்டுவார்கள், அல்லது மறுபக்கம் விழுந்து எழுவார்கள். எனவே ஒட்டும் டயரின் ஆதாயம் முழுவதும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொன்று வெப்பம். கோடை டயர் வீட்டு வாசலிலிருந்து இரண்டாவது திருப்பத்திலேயே வேலைக்குத் தயார். பந்தய வகை ரப்பர் குளிர்ந்திருக்கும்போது வழுக்கும் என்பதைவிட எதுவும் சொல்லாது என்பது இன்னும் மோசம்: ஸ்டீயரிங்கில் கனம் வராது, பிடிப்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். கப் 2 போட்ட காரைக் குளிர்ந்த காலையில் ரவுண்டானாவில் ஆக்ஸிலரேட்டர் மிதித்துத் திருப்பிவிட்டவர்கள் இதை மறக்க மாட்டார்கள். அதே டயர் டிராக்கில் மூன்றாவது சுற்றில் வேறு ஆளாகிவிடும். கோடை டயரோ அந்த நேரத்தில்தான் நெளியத் தொடங்கும். புதிதாக, முழு ஆழத்தோடு இருக்கும் டிரெட் கட்டைகள் (தரையைத் தொடும் ரப்பர்த் துண்டுகள்) வளைவில் ஆடி ஆடி உராய்ந்து சூடேறும். பாதி தேய்ந்த கோடை டயர் உலர்ந்த டிராக்கில் புதியதைவிட இறுக்கமாகத் திரும்புவது இதனால்தான்.

காற்று: கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன

1,400 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 350 கிலோ. உள்ளே 32 பிஎஸ்ஐ காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 155 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டை அளவு. 26 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் கணக்குப்படி 190-ஐ எட்டும். டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு வராது. போக்கு இதுதான். அகலமான டயர் போட்டால் பரப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். எடையும் காற்றும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும்; ஸ்டீயரிங்குக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

அப்படியானால் காற்றை இறக்கிக்கொண்டே போனால் பிடிப்பு ஏறிக்கொண்டே போக வேண்டுமே? போகாது. காற்று குறையும்போது பக்கச்சுவர் தளர்கிறது. வளைவில் கார் வெளியே சாய, டயர் தன் தோள்மேலேயே புரள்கிறது; டிரெட்டின் உள்பாதி தரையிலிருந்து தூக்கிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமாக நடக்கும். மறுபுறம் காற்று மிஞ்சினால் டயரின் நடுவயிறு புடைத்து, தோள்கள் சும்மா இருக்கும். திருப்பம் கூர்மையாகத் தோன்றும். இந்தத் தோற்றம்தான் ஆளை ஏமாற்றும். கைக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் டயரில் பிடிப்பும் அதிகம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நடு வளைவில் சிறு குலுங்கல் வந்தால் தாவி விலகும்போதுதான் உண்மை தெரியும்.

ஆக, அழுத்தத்துக்கும் பிடிப்புக்கும் இடையில் இருப்பது ஒரு குன்று. டிராக் நண்பரின் கார், இரண்டாம் சுற்றுக்குள் டயர் சூடேறிக் குன்றின் மறுபக்கத்துக்கு, அதாவது காற்று மிஞ்சிய பக்கத்துக்குப் போய்விட்டது. முன்பக்கம் இரண்டு பிஎஸ்ஐ இறக்கினால் உச்சிக்குத் திரும்பும், மூக்கு உள்ளே வரும். கார்வேரின் 15 பிஎஸ்ஐ குன்றின் இந்தப் பக்க அடிவாரம். இறக்கியதில் முன் டயரின் விறைப்பு போயிற்று, மூக்கு வெளியே போயிற்று. எனவே “குறைத்தால் பிடிப்பு கூடும்” என்ற விதியை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்தப் பக்கச் சரிவில் நிற்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

டயர் ரகம் இங்கேதான் உள்ளே வருகிறது. டூரிங் டயருக்கும் கோடை டயருக்கும் குன்று தட்டையானது. இரண்டு பிஎஸ்ஐ தவறினாலும் கார் மன்னித்துவிடும். பழக்கமில்லாதவருக்கு வித்தியாசமே தெரியாது. 200 ரகமும் கப் 2-வும் அப்படியில்லை. அரை பிஎஸ்ஐ, ஒரு பிஎஸ்ஐ மாற்றங்கூடக் காரின் சமநிலையில் தெரியும். காசைக் கொட்டி ஒட்டும் டயரை வாங்கிப் போட்டுவிட்டு, காற்றைக் கண்மதிப்பில் விடுபவர், நல்ல கோடை டயரில் காற்று அளக்கும் கேஜ் வைத்துப் பார்ப்பவரிடம் தோற்பது சகஜம். என் பார்வையில் நல்ல கேஜ்தான் முதலில் வாங்க வேண்டிய சாமான். எப்போதும் அதே கேஜால் அளப்பது, அது எவ்வளவு துல்லியம் என்பதைவிட முக்கியம்.

கார் இலேசாக இருந்தால் எல்லா எண்ணும் கீழே இறங்கும். ஏறத்தாழ 1,050 கிலோ எடையுள்ள நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு 29 பிஎஸ்ஐ, நாலு சக்கரத்துக்கும். இன்னொரு காரின் 36-ஐக் கொண்டுவந்து இதில் வைத்தால் கார் கூழாங்கல்மேல் ஓடுவதுபோலத் துள்ளும். எஞ்சின் பின்னால் இருக்கும் 911-க்குப் பின் டயர் அகலமும் அதிகம், காற்றும் அதிகம். கதவுத் தூண் எண் சும்மா வந்ததில்லை. சஸ்பென்ஷன் அமைத்தவர்களே சேர்த்து வைத்தது.

குளிர்ந்த அளவும் சூடான அளவும்

கதவுத் தூணில் இருப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டியது. டிராக்கில் பேசப்படும் எண்கள் பெரும்பாலும் ஓடி வந்தவுடன், சூடாக அளந்தவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்கள் நிறைய. 25 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ வைத்த டயருக்குள் காற்று 80 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் 40-ஐத் தாண்டும். பள்ளிக்கூட வாயு விதிதான். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ என்று நினைவில் வைத்தால் போதும். நைட்ரஜன் அடித்தால் இந்த ஏற்றம் நின்றுவிடும் என்பது கதை. காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன். கம்ப்ரஸர் காற்றில் இருக்கும் ஈரப்பதம் இல்லாமல் போவதுதான் அதன் உண்மையான ஆதாயம்.

டிராக்கில் வேலை இப்படி நடக்கும். கார் பிட்டுக்குள், அதாவது டிராக் ஓரத்துப் பணியிடத்துக்குள் வந்து நின்றதும், ஆற விடாமல், ஊசிமுனை வெப்பமானியை டிரெட்டுக்குள் குத்தி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு 90, 97, 84 என்று வந்தால் நடுவில் சூடு மிஞ்சுகிறது, காற்று அதிகம். 92, 88, 84 என்று சீராக இறங்கினால் நல்லது; சக்கரம் உள்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால் உள்விளிம்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வெளிவிளிம்பு எல்லாவற்றையும் மிஞ்சினால் டயர் புரள்கிறது. வெப்பமானி இல்லையா, டயரின் தோள்பட்டையில் பல கம்பெனிகள் சின்ன முக்கோணம் ஒன்றைப் பொறித்திருக்கும். தேய்ந்த தடம் அந்த முக்கோணத்தின் முனை வரை வந்து நின்றால் சரி. அதைத் தின்றுவிட்டுப் பக்கச்சுவருக்கு இறங்கியிருந்தால் காற்று போதவில்லை. கடிகார முள் திசையில் ஓடும் டிராக்கில் இடப்பக்க டயர்கள்தான் அதிகம் உழைக்கும், அதிகம் சூடேறும். சூடான அளவு நாலிலும் ஒன்றாக வர வேண்டுமானால் கிளம்பும்போது இடப்பக்கத்தில் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும்.

எவ்வளவு வரை இறங்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 2015 மோன்ஸா ஃபார்முலா 1 பந்தயத்தில் பின் டயருக்குக் குறைந்தபட்சம் 19.5 பிஎஸ்ஐ என்று டயர் தரும் பிரெல்லி கம்பெனி வைத்திருந்தது; ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் இடப்பக்கப் பின் டயரில் 0.3 குறைவாக இருந்ததாகக் கண்டு, வென்ற பந்தயத்தின்மேல் விசாரணை நடந்தது. அளந்த நேரத்தில் டயர் ஆறிப்போயிருந்தது என்ற விளக்கம் எடுபட்டு வெற்றி நிலைத்தது. இவ்வளவு கறாருக்குக் காரணம், காற்று குறைந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் கிழியும் என்பதே.

டாஷ்போர்டில் எரியும் டயர் விளக்கு இதற்கெல்லாம் துணைவராது. அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும். 36 பிஎஸ்ஐ காரில் அது 27. அதற்கு வெகு முன்பே ஸ்டீயரிங் கூழாகியிருக்கும்.

மழை

மழையில் காற்றைக் குறைத்தால் பரப்பு கூடும், பிடிப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிற்கும் தண்ணீருக்கு அது நேர் எதிர். நாசாவில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரப்படி, பிஎஸ்ஐ-யின் வர்க்கமூலத்தை 16.65-ஆல் பெருக்கினால் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். 32-க்கு 94, 26-க்கு 85. கார் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதால் நிஜ எண் மாறும். அழுத்தம் குறைந்தால் மிதப்பது சீக்கிரம் என்பது மாறாது. கப் 2-வில் பள்ளமே குறைவு, 200 ரகத்தில் கொஞ்சம் பரவாயில்லை, கோடை டயர் இங்கே மற்ற இரண்டையும் ஓரம் கட்டிவிடும். டிராக்கில் அடித்த மழையோடு அதே டயரில் நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டியவருக்கு இது ஒன்றே தீர்ப்பு.

யாருக்கு எது

தினமும் ஓட்டும் கார், எப்போதாவது டிராக் என்றால் உயர்திறன் கோடை டயர். கதவுத் தூண் அளவு, அவ்வளவுதான். தனி அலாய் சக்கர செட் வைத்துக்கொண்டு டிராக்குக்கென்றே மாற்றுபவர் 200 ரகத்துக்குப் போகலாம். சீக்கிரம் சூடேறுவதா, நீடித்து உழைப்பதா என்பதை ஓட்டும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். கப் 2 ரகம், காரோடு வந்தவர்களுக்கும் நொடிக் கணக்கில் நேரம் பார்ப்பவர்களுக்கும். கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் டூரிங் டயரைக் கழற்றி எறிய வேண்டாம் என்பது என் கட்சி; தேயட்டும்.

ரகம் மாறினால் பழைய டயரில் கண்டுபிடித்த அழுத்தத்தைப் புதியதற்குக் கொண்டுபோகக் கூடாது. பக்கச்சுவர் வேறு, குன்று வேறு. கதவுத் தூண் எண்ணிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். போர்ஷேவுக்கு ‘என்’, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம் என்று பக்கச்சுவரில் முத்திரை இருக்கும் டயர்கள், பெயர் ஒன்றானாலும் கடையில் கிடைக்கும் பொது வடிவத்திலிருந்து மாறுபடும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலந்து போடாதீர்கள்.

டிராக் நாள் முடிந்து கிளம்பும் முன் கம்ப்ரஸரைத் தேடுங்கள். சூடாக 32-க்கு இறக்கி வைத்த டயர், ஆறினால் 25-ஐக்கூடத் தொடாது. இரவு நெடுஞ்சாலையில் லக்கேஜோடு, இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு அந்த அளவில் ஓட்டக் கூடாது. டயர் ஆறும்வரை காத்திருந்து கதவுத் தூண் எண்ணுக்கு அடித்துக்கொள்ளுங்கள்; காத்திருக்க நேரமில்லையென்றால் சூட்டோடே நாலைந்து பிஎஸ்ஐ கூட்டி அடித்துவிட்டு, மறுநாள் காலை காரை எடுக்கும் முன் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.